உள்ளங்கையில் ஒரு சூதாட்டக் கொட்டகை!

தரகு இல்லை, பத்து நிமிஷத்தில் கணக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்தே சம்பாத்தியம்! செல்போனைத் திறந்தால் இந்த விளம்பரம்தான் முந்திக்கொண்டு வருகிறது. பங்கு மார்க்கெட் இனி பம்பாய்க் கோடீஸ்வரர்களின் தனிச்சொத்து அல்ல, தறி ஓட்டுகிறவனும் பங்குதாரன் ஆகலாம், இதுவே ஜனநாயகம் என்று முதலாளிகளின் பத்திரிகைகள் புகழ் பாடுகின்றன. 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டின. இந்தச் செயலிகளை உழைப்பாளி எப்படி எடைபோட வேண்டும்? பரிசீலிப்போம்.

வசதி எது, வலை எது?

நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்கவில்லை. முன்பெல்லாம் பங்கு வாங்கத் தரகர் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். காகிதப் பத்திரம் தபாலில் தொலையும்; போலியும் கலந்து வரும். இன்று அந்தத் தொல்லை இல்லை. பங்கை வாங்கி வைத்துக்கொள்கிறவனிடம் பல செயலிகள் தரகே வாங்குவதில்லை, அல்லது சொற்பமாக வாங்குகின்றன.

அப்படியானால் செயலிக்காரன் எப்படிப் பிழைக்கிறான்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கணக்குத் திறக்கிறவன், பொறியைப் பார்க்காமல் வடையை மட்டும் பார்க்கிற எலி! பங்கை வாங்கிப் பூட்டி வைக்கிறவனால் செயலிக்காரனுக்குப் பெரிய வரும்படி இல்லை. 'எஃப் அண்ட் ஓ' என்ற பேரத்தில்தான் வரும்படி. அங்கே ஆர்டர் ஒன்றுக்கு 20 ரூபாய் என்பது பல செயலிகளின் தரகு. வாங்கினாலும் 20, விற்றாலும் 20. நீ ஜெயித்தாலும் 20, தோற்றாலும் 20. நீ ஓயாமல் பட்டனைத் தட்ட வேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டியது.

பேரமா, பந்தயமா?

மில் நடத்துகிறவன் மூன்று மாதம் கழித்து வேண்டிய பஞ்சுக்கு இன்றே விலை பேசி முடிப்பது உண்டு. அவனுக்குப் பஞ்சு தேவை. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. செல்போன் பேரத்தில் பஞ்சும் இல்லை, மில்லும் இல்லை. 'நிஃப்டி' என்பது 50 பெரிய கம்பெனிகளின் பங்கு விலையை வைத்துக் கணக்கிடும் ஓர் எண். அந்த எண் இன்ன கிழமைக்குள் இவ்வளவு ஏறும் என்று ஒருவன் பணம் கட்டுகிறான். கெடுவுக்குள் ஏறாவிட்டால் கட்டிய பணம் அத்தனையும் பூஜ்யம். ஒருவன் பையில் விழும் ரூபாய் இன்னொருவன் பையிலிருந்து போன ரூபாய். இதில் ஒரு முழம் துணி நெய்யப்படுவதில்லை. ஒரு மரக்கால் நெல் விளைவதில்லை. தமிழ்நாட்டில் 2003ல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தார்கள். அதைவிட இது எந்த விதத்தில் யோக்கியமானது?

யார் பணம், யார் பைக்கு?

நாம் சொல்வதை நம்ப வேண்டாம். பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் சர்க்கார் ஸ்தாபனமான செபி, 2024 செப்டம்பரில் வெளியிட்ட கணக்கையே பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷங்களில் 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்கள் இந்தப் பேரத்தில் இறங்கினார்கள். 100க்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள். தலைக்குச் சராசரி நஷ்டம் சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவு போக 1 லட்சத்துக்கு மேல் லாபம் கண்டவர் 100க்கு ஒருவரே!

2023-24ல் மட்டும் தனிநபர்கள் இழந்தது, தரகுச் செலவைச் சேர்க்காமலே, சுமார் 61,000 கோடி. அதே வருஷம் சொந்தப் பணத்தில் பேரம் நடத்தும் பெரிய கம்பெனிகள் 33,000 கோடியும், அன்னிய முதலீட்டாளர்கள் 28,000 கோடியும் லாபம் அடித்தார்கள். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். வேறு விளக்கம் வேண்டுமா?

தரகும் கட்டணமும் வரியுமாக மூன்று வருஷங்களில் தனிநபர்கள் கட்டியது சுமார் 50,000 கோடி. அதில் பாதிக்கு மேல் தரகு! 'தரகு இல்லை' என்ற விளம்பரத்தின் லட்சணம் இது.

'கற்றுக்கொண்டால் ஜெயிக்கலாம்'

வகுப்பு நடத்திக் காசு பறிக்கும் உபதேசிகள் சொல்லும் பொய் இது. பெரிய கம்பெனிகளின் லாபத்தில் 100க்கு 96 பங்கும், அன்னிய முதலீட்டாளர்களின் லாபத்தில் 97 பங்கும் கம்ப்யூட்டர் தானே நடத்தும் பேரத்தில் வந்தது. மார்க்கெட்டின் கம்ப்யூட்டர் இருக்கும் கட்டிடத்திலேயே வாடகை கொடுத்துத் தங்கள் கம்ப்யூட்டரை வைத்திருக்கிறார்கள். நீ கண் இமைப்பதற்குள் அங்கே ஆயிரம் பேரம் முடிந்துவிடும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டு விரலால் தட்டுகிற நீ அதோடு போட்டி போடுவதா?

2025 ஜூலையில் ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் கம்பெனிமீது செபி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. காலையில் பாங்குப் பங்குகளை வாங்கிக் குவித்து விலையை ஏற்றி, பிறகு விற்றுத் தள்ளி இறக்கி, பந்தயத்தில் கொள்ளை லாபம் பார்த்தது என்பது குற்றச்சாட்டு. 4,843 கோடி ரூபாயைக் கட்டச் சொன்னது. கம்பெனி மறுத்து மேல்முறையீடு செய்தது.

குற்றவாளி யார்?

பேராசைப்பட்டான், அனுபவிக்கிறான் என்கிறார்கள் சில மேதாவிகள். 2023-24ல் இந்தப் பேரத்தில் இறங்கியவர்களில் 100க்கு 75 பேருக்கு மேல் வருஷ வருமானம் 5 லட்சத்துக்குக் குறைவு என்று காட்டியவர்கள். 43 பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். காண்ட்ராக்ட் வேலை, வயிற்றுக்கு எட்டாத கூலி, ஏறும் பள்ளிக் கட்டணம்: இந்த நெருக்கடிதான் அவனைத் தள்ளுகிறது. தள்ளப்பட்டவனைத் திட்டிவிட்டுத் தள்ளியவனை விட்டுவிடுவது என்ன நியாயம்?

10 பேரில் 9 பேர் தோற்கிறார்கள் என்று செயலியிலேயே எச்சரிக்கை காட்ட வேண்டும் என்ற விதி 2023 ஜூலையில் வந்தது. 2024 நவம்பரில் வாரக் கெடுப் பேரங்களைக் குறைத்தார்கள். குறைந்தபட்சத் தொகையை உயர்த்தினார்கள். ஆனாலும் 2024-25ல் 100க்கு 91 பேர் தோற்றார்கள். நஷ்டம் 1 லட்சத்து 5 ஆயிரம் கோடி! பாம்புப் புற்றுக்குப் பக்கத்தில் போர்டு மாட்டினால் போதுமா?

வாரக் கெடுப் பந்தயத்தை அடியோடு ஒழிக்க வேண்டும். ஆசை காட்டும் விளம்பரத்தைத் தடுக்க வேண்டும். அனுமதியின்றி 'டிப்ஸ்' விற்கிறவனைக் கூண்டில் ஏற்ற வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

தோழர்களே! பி.எப். பணத்தை எடுத்தோ, மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தோ, கந்துவட்டிக்கு வாங்கியோ இந்தக் கொட்டகைக்குள் கால் வைக்காதீர்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மறுபடி இறங்காதீர்கள். நஷ்டப்பட்ட தோழனைக் கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைக் கேளுங்கள். ஒரு ரூபாய் கூலி உயர்வுக்குக் கூடிப் போராடி வாங்கினால் அது மாதாமாதம் வீட்டுக்கு வரும். பட்டனைத் தட்டி வாங்கிய ரூபாய் வந்த வழியே போய்விடும்!