வெப்பமானிக்குக் கட்சி கிடையாது

புவி வெப்பமயமாதல் பற்றி அமெரிக்கர் ஒருவர் சொல்லும் கருத்தைக் கொண்டே, அவர் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். முன்பு நிலைமை இப்படி இல்லை. 1992-இல் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ், குடியரசுக் கட்சிக்காரர். 2015-இல் அதே கட்சியின் செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோப், வெப்பமயமாதலை மறுப்பதற்காகச் செனட் சபைக்குள் பனி உருண்டையைக் கொண்டுவந்தார். ஒரு நாள் குளிரைக் காட்டிக் காலநிலையை மறுப்பது, ஒரு மழையைக் காட்டி வறட்சியே இல்லை என்பதைப் போன்றது.

படிப்பறிவு வளர்ந்தால் இந்தப் பிளவு மறையும் என்று என்னைப் போன்ற விஞ்ஞானிகள் நம்புகிறோம். ஆனால், அறிவியல் அறிவு மிகுந்தவர்களிடையே பண்பாட்டுக் கண்ணோட்டம் சார்ந்த பிளவு இன்னும் அதிகம் என்று யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹான் குழு 2012-இல் கண்டறிந்தது. தன் அணியினரிடமிருந்து விலக யாருக்கும் மனம் வருவதில்லை. கற்ற கல்வியும் அந்த அணிக்கே வாதாடப் பயன்படுகிறது.

வயலில் இந்தக் கோடு மங்குகிறது. மக்காச்சோளம் விளையும் அயோவா மாநிலத்தின் சக் கிராஸ்லி, குடியரசுக் கட்சி செனட்டர், விவசாயியும்கூட. காற்றாலை மின்சாரத்துக்கு 1992-இல் வரிச்சலுகை பெற்றுத் தந்தவர் அவரே. இன்று அம்மாநில மின் உற்பத்தியில் பாதிக்கும் மேல் காற்றாலைகள் தருகின்றன. இடம் கொடுத்த விவசாயிகளுக்கு வாடகை வருகிறது.

ஆகவே, 'நம்புகிறீர்களா?' என்று கேட்பதை விட்டு, மண்ணின் ஈரம், விதை, வருமானம் பற்றிப் பேசுவோம். பூக்கும் தருணத்தில் கடும் வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் மக்காச்சோளக் கதிரில் மணி பிடிக்காது. யார் வீட்டு வயல் என்று அது பார்ப்பதில்லை.