எந்த ஆபத்து என்று சொல்லுங்கள்

‘நாட்டின் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் பத்திரிகைச் சுதந்திரமெல்லாம் அப்புறம்தான்.’ படித்தவர்களும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்ட வாக்கியம் இது. நான் ஏற்க மறுக்கிறேன். இந்த நம்பிக்கையால் பலனடைவது பெரும்பாலும் நாடல்ல, ஆட்சியில் இருப்பவர்களே.

மீடியாஒன் வழக்கைப் பாருங்கள். இந்த மலையாளச் செய்தித் தொலைக்காட்சியின் உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று 2022 ஜனவரி 31 அன்று மத்திய அரசு சொன்னது. உள்துறை அமைச்சகம் பாதுகாப்பு அனுமதி மறுத்ததாம். ஏன் மறுத்தது? அதை வெளியே சொன்னால் நாட்டுக்கே ஆபத்தாம். சீல் வைத்த உறையில் காரணங்கள் நீதிபதிகளின் கைக்குப் போயின. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குக் காட்டப்படவில்லை. என்ன குற்றம் என்றே தெரியாதவர் எதை மறுத்து வாதாடுவார்? ஆனாலும் கேரள உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும், பிறகு இரு நீதிபதிகள் அமர்வும் தடை செல்லும் என்றே தீர்ப்பளித்தனர்.

2023 ஏப்ரல் 5 அன்று, உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி ஹிமா கோலி அமர்வின் தீர்ப்பில்தான் அந்த உறைக்குள் இருந்த சரக்கு ஊருக்குத் தெரிந்தது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தையும் நீதித்துறையையும் தொலைக்காட்சி விமர்சித்ததாம். ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்துடன் பங்குதாரர்களுக்குத் தொடர்பாம். அது தடை செய்யப்பட்ட அமைப்பு அல்ல என்றது நீதிமன்றம். அரசின் கொள்கையை விமர்சிப்பவரை அரசுக்கு எதிரி என்று சொல்ல முடியாது என்றும் கூறி, நான்கு வாரங்களில் உரிமத்தைப் புதுப்பிக்க உத்தரவிட்டது.

‘2008இல் மும்பைத் தாக்குதலை நேரலையில் காட்டியது தவறில்லையா?’ என்று கேட்பார்கள். தவறுதான். அந்தத் தாக்குதல் தொடர்பான கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் அங்கே ஆபத்து இன்னதென்று சொல்ல முடிந்தது: கமாண்டோ படையினரின் நடமாட்டம் பயங்கரவாதிகளுக்குத் தெரிந்துவிடும். சண்டை முடியும்வரை அதைக் காட்டாதே என்பது நியாயமான கட்டுப்பாடு. காரணமே சொல்லாமல் ஒரு தொலைக்காட்சியை மூடுவதற்கு அது எப்படி முன்மாதிரியாகும்?

உண்மை எழுதப்படாததால் நாடு பலவீனப்படுவதும் உண்டு. 2001இல் தெஹல்கா செய்தி இணையதளத்தின் செய்தியாளர்கள், இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரில் ராணுவத் தளவாடம் விற்கப் போனார்கள். லஞ்சம் கொடுத்தால் கதவுகள் திறக்கின்றன என்பதை ரகசியக் கேமரா காட்டியது. ஆளுங்கட்சித் தலைவராக இருந்த பங்காரு லட்சுமண் பணம் வாங்கியது பதிவானது. 2012இல் அவருக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. எல்லையில் நிற்கும் சிப்பாயின் கைக்குத் தரமான கருவி போக வேண்டும் என்று கவலைப்படுபவர், அந்தச் செய்தியாளர்களுக்கல்லவா நன்றி சொல்ல வேண்டும்?

உண்மையான ரகசியங்கள் உண்டு. அவை காக்கப்பட வேண்டும். ஆனால் எது ரகசியம் என்பதை, அது வெளிவந்தால் அவமானப்படப் போகிறவரே தனியாக முடிவு செய்யக் கூடாது. என்ன ஆபத்து, யாருக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று அரசு நீதிமன்றத்தில் நிறுவட்டும். நிறுவ முடியாவிட்டால் செய்தி வெளிவரட்டும்.