நல்லிணக்க விழாவும் எரிந்த லயங்களும்

பல மதத்தவரும் ஒன்றுகூடிப் பெருநாள் கொண்டாடுதல் நல்லது என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆயின், அக்கொண்டாட்டத்தை இன்று யார் நடத்துகின்றனர், எதற்காக நடத்துகின்றனர், அதன் ஒளியில் எது மறைக்கப்படுகின்றது என்று வினவுவது முற்போக்காளர் கடமையாகும். நான்கு மதங்களின் குருமாரை மேடையில் நிறுத்தி, ஒரே குத்துவிளக்கை ஏற்றச் செய்து, சகோதரத்துவத்தைப் பற்றி அமைச்சர் ஒருவர் உரையாற்றிவிட்டுச் செல்லும் ‘நல்லிணக்க விழா’ நமது நாட்டில் ஒரு சடங்காகிவிட்டது. சாதாரண மக்கள் இயல்பாகவே மதவெறி கொண்டவர்கள், மேலே இருப்போரே அவர்களுக்கு ஒற்றுமையைப் போதிக்க வேண்டும் என்பதே அச்சடங்கின் உட்பொருள். இதனை நாம் முற்றாக மறுக்கிறோம். சப்ரகமுவவின் தோட்டங்களும் கிராமங்களும் இதற்கு மாறான சாட்சியத்தையே கூறுகின்றன.

இரத்தினபுரிக்கு மேலே உயர்ந்து நிற்கும் மலையை நோக்குவோம். பௌத்தருக்கு அது சிறீபாத, சைவருக்குச் சிவனொளிபாதம், முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை, கிறித்தவருட் சிலருக்குப் புனித தோமையாரின் நினைவு. டிசம்பர் மாதத்துப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை, பலாபத்தலை வழியாகவும் குருவிட்டை வழியாகவும் ஏறுவோர் ஒரே படிகளில் ஒருவர்க்கொருவர் கைகொடுத்தே ஏறுகின்றனர். 1344ஆம் ஆண்டில் இம்மலைக்கு வந்த முஸ்லிம் யாத்திரிகர் இபுன் பதூதாவுக்கு ஆரியச் சக்கரவர்த்தி யோகியரையும் பிராமணரையும் வழித்துணையாக அனுப்பினான் என்று அவரது பயண நூல் கூறும். 16ஆம் நூற்றாண்டில் சீதாவக்கை முதலாம் இராஜசிங்கன் மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான். 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி சிறீ இராஜசிங்கன் அதனைப் பௌத்த பிக்குகளிடம் மீட்டளித்தான். மலை யாருக்குச் சொந்தம் என்பது அரசர்களின் வழக்கு. ஏறிய மக்களோ அவ்வழக்கின் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

தோட்டங்களுக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டு நிலத்தையும் தரிசு நிலத்தையும் முடிக்குரியதாக்கிற்று. சிங்களக் குடியானவன் சேனை நிலத்தை இழந்தான். கோப்பியும், பின்னர் தேயிலையும் இறப்பரும் பயிரிடப்பட்ட அந்நிலத்தில் உழைப்பதற்கு, ஊரில் நிலமும் சோறுமில்லாத தமிழனைக் கங்காணி கடல் கடத்திக் கொணர்ந்தான். நிலம் பறிக்கப்பட்டவனும் நிலமற்று வந்தவனும் அண்டை அயலாராயினர். பறித்தவன் இருவருக்கும் எட்டாத பங்களாவில் இருந்தான். இந்த அண்டை அயலார் எவருடைய உபதேசமுமின்றித் தம் பெருநாட்களைப் பகிர்ந்துகொண்டனர். வெசாக் இரவில் கிராமத்துத் தன்சலில் லயத்துப் பிள்ளைகள் உண்பர். தீபாவளிக் காலையில் லயத்து வடையும் முறுக்கும் கிராமத்து வீடுகளுக்குப் போகும். சித்திரைப் புத்தாண்டில் அங்கிருந்து பாற்சோறும் கொக்கிசும் வரும். நோன்புப் பெருநாளில் நகரத்து முஸ்லிம் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வரும். இவை ஏழைகள் தாமாகவே கட்டிய உறவுகள்.

அவ்வாறாயின், 1977இலும் 1981இலும் 1983இலும் லயங்கள் எரிந்தது எவ்வாறு என்று வாசகர் கேட்பர். நியாயமான கேள்வி, இதற்கு விடை கூறாத எந்த நல்லிணக்கப் பேச்சும் வெறும் பேச்சே. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளில் தோட்டத் தொழிலாளர் தாக்கப்பட்டனர். லயங்கள் கொள்ளையிடப்பட்டுத் தீக்கிரையாக்கப்பட்டன. உடுத்த துணியோடு காட்டுக்குள் ஓடியவர்களுட் பலர் மீண்டும் அத்தோட்டங்களுக்குத் திரும்பவேயில்லை. அயலவர் சிலர் தம் உயிரையும் பொருட்படுத்தாது அவர்களைத் தம் வீடுகளில் ஒளித்து வைத்தனர் என்பதும் உண்மை. அம்மனிதப் பண்புக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆயினும் ஒரு மனிதனின் உயிர் அயலவனின் இரக்கத்தில் தங்கியிருக்குமாயின், அவனுக்கு நாட்டில் உரிமை ஏதும் இல்லை என்பதே அதன் பொருள்.

அவ்வுரிமை எவ்வாறு இல்லாதொழிந்தது? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோர் பிரச்சினை சட்டத்தில் தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்கில்லாதவனின் லயத்தைக் காப்பதால் எந்த அரசியல்வாதிக்கும் ஆதாயமில்லை. அதனை எரிப்பவனைக் கண்டுகொள்ளாதிருப்பதால் நட்டமுமில்லை. நுவரெலியாவில் இருப்பது போன்ற எண்ணிக்கைப் பலமும் இரத்தினபுரி, கேகாலைத் தமிழருக்குக் கிடையாது. தன்சலில் ஒன்றாக உண்டவர்கள் வாக்குச் சாவடியில் ஒன்றாக நிற்க முடியவில்லை. பகை அந்த இடைவெளியிலேதான் விதைக்கப்பட்டது.

விதைத்தவர்களுள் இடதுசாரி அணியினரும் இருந்தனர் என்பதை இப்பக்கங்களில் மறைக்க வேண்டியதில்லை. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் 80,000க்கு மேற்பட்டோரைக் கொன்றபோது, கேகாலைக் கிராமங்களில் மருந்தும் பருப்பும் சுமந்து திரிந்தவர்கள் சூரியமல் இயக்கத் தோழர்கள். என். எம். பெரேராவை அம்மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைத்தனர். 1936இல் ருவன்வெல்லைத் தொகுதியில் அவரை அரசாங்க சபைக்குத் தெரிவு செய்தனர். 1948இன் சட்டத்தை அவரும் அவரது கட்சியும் எதிர்த்தனர். ஆனால் 1965–66இல், சுதந்திரக் கட்சியோடு சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து நின்ற அணி, தமிழ்மொழி ஒழுங்குவிதிகளை எதிர்க்கப் புறப்பட்டபோது எழுப்பிய ஏளனக் கோஷம் யாது? பிரதமர் டட்லி சேனநாயக்காவின் வயிற்றிலே மசாலா வடை இருக்கிறதாம்! தீபாவளியன்று வேலி தாண்டிச் சென்ற வடை, வீதியில் இனவெறியின் வசைச்சொல்லாயிற்று. பருப்பை வீடுவீடாகச் சுமந்த இயக்கம் அப்பருப்பு வடையையே பழிக்கும் அணியில் நின்றது. பெருநாட் பண்டம் தன்னளவில் எவரையும் காப்பாற்றாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

இன்றும் அவ்வேலை தொடர்கிறது. 2001 மே மாதத்தில், வெசாக் நெருங்கிய வேளையில், மாவனெல்லையில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பலாங்கொடைக்கு அருகேயுள்ள கூரகல, பௌத்தருக்குப் பழைய விகாரைத் தலம், முஸ்லிம்களுக்கு ஜெய்லானி. 2013இல் கடும்போக்குக் குழுவினர் அதனை ஒரு சாராருக்கே உரியதாக்கக் கூச்சலிட்டனர். நம் பக்கத்திலும் தூய்மைவாதிகள் இல்லாமலில்லை. சமன் தேவாலயத்தில் தேங்காய் உடைப்பது சைவத்துக்கு இழுக்கு என்கின்றனர் சிலர். தோட்டத்துக் கோயிலில் முதல் மரியாதை எச்சாதிக்கு என்று சண்டையிடுவோர் வேறு சிலர். தன் கோயில் வாசலில் உடன் தொழிலாளியைத் தள்ளி நிறுத்துபவன், பிற மதத்தவனைச் சகோதரன் என அழைத்தால் யார் நம்புவர்?

பெருநாளின் பொருளாதாரத்தையும் நோக்குவோம். தோட்டத் தொழிலாளி தீபாவளி கொண்டாடுவது ‘தீபாவளி முற்பணம்’ என்னும் கடனிலே. விளக்கு அணைந்த பின்னரும் மாதந்தோறும் சம்பளத்தில் அக்கடன் கழிக்கப்படும். நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டுமென்று 2015இல் எழுந்த கோரிக்கை 2021இலேதான் வர்த்தமானியில் ஏறிற்று. அதற்குள் அந்த ஆயிரத்தின் பெறுமதி தேய்ந்துவிட்டது. பெரும்பாலான குடும்பங்களுக்குத் தாம் தலைமுறை தலைமுறையாக வாழும் லயத்து அறைக்கு உறுதி இல்லை. இத்தகையோரை மேடைக்கு அழைத்து விளக்கேற்றச் சொல்வதை நல்லிணக்கம் என்பது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே நமது நிலை தெளிவானது. மக்கள் தாமாக நடத்தும் கூட்டுக் கொண்டாட்டத்தை நாம் போற்றுகிறோம். அதனைச் சிதைக்க முனையும் எம்மதத்து வெறியரையும் எதிர்க்கிறோம். அதே வேளையில், நிலவுரிமை, நியாயமான கூலி, அரச அலுவலகத்தில் தமிழ்மொழியில் கருமமாற்றும் உரிமை ஆகியவற்றுக்குப் பதிலாக ஒரு விழாவைத் தந்து நம்மை அனுப்பிவிட இடமளியோம். நிலமற்ற சிங்களக் கிராமவாசியின் கோரிக்கையையும் நம் கோரிக்கையோடு சேர்த்தே எழுப்புவோம். 1840இல் இழந்தவனும் 1948இல் இழந்தவனும் ஒரே மேசையில் அமர வேண்டியவர்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் இதில் தனிப்பணி உண்டு. நம் பாடசாலைகளில் சமய பாட வேளையில் பிள்ளைகள் மதவாரியாகப் பிரிந்து அமர்கின்றனர். வரலாற்றுப் பாட வேளையிலாவது அவர்களை ஒன்றாக இருத்தி, இபுன் பதூதாவின் வழித்துணைவரைப் பற்றியும், மலேரியாக் காலத்துப் பருப்பைப் பற்றியும், 1981 ஆகஸ்டைப் பற்றியும் சிங்களத்திலும் தமிழிலும் உள்ளவாறே கூறுவோம். இவற்றை அறிந்த பிள்ளைகள் அடுத்த வெசாக்கிலும் அடுத்த தீபாவளியிலும் ஒரே பந்தியில் அமரட்டும். அங்கே உண்பதோடு நில்லாது, தம் பெற்றோரின் நிலத்தையும் கூலியையும் பற்றியும் சேர்ந்து பேசக் கற்கட்டும்.