அச்செழுத்துக் கல்வியும் நடுநிலை என்னும் மயக்கமும்

அச்செழுத்துக் கலையை எவ்வாறு கற்பிப்பது என்ற வினாவுக்கு இன்று இரு விடைகள் கூறப்படுகின்றன. பக்கத்தை நிரல்களாகவும் கட்டங்களாகவும் வகுத்து, எழுத்தையும் படத்தையும் அவற்றுள் நிறுத்தப் பழக்கினாற் போதும் என்பர் ஒரு சாரார். எழுத்தை வெட்டியும் சிதைத்தும் பெருக்கியும் தன்னிச்சையாகச் சோதனை செய்யும் மாணவனே கலைஞனாவான் என்பர் மறுசாரார். முன்னவர் ஒழுங்கைத் தெய்வமாக்குகின்றனர். பின்னவர் சுதந்திரத்தைத் தெய்வமாக்குகின்றனர். எதிரெதிராக நிற்பதுபோலத் தோன்றும் இவ்விரு சாராரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றனர். பக்கத்தில் யாது எழுதப்பட்டிருக்கிறது, அதனை யார் வாசிக்கப் போகிறார்கள் என்ற கேள்வியை இருவருமே வகுப்பறைக்கு வெளியே நிறுத்திவிடுகின்றனர். உருவத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரித்தெடுக்கும் இப்போக்கை இலக்கியத்தில் உருவவாதம் என இனங்கண்டு எதிர்த்து வந்திருக்கிறோம். எழுத்தின் உருவத்தைப் பயிற்றும் கல்வியில் மட்டும் அதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய காரணம் யாதுமில்லை.

வரலாற்றை நோக்கினால் உண்மை புலப்படும். புதிய அச்சமைப்பின் கொள்கைகளைத் தொகுத்துரைத்த யான் சிக்கோல்டின் நூல் 1928இல் பேர்லினில் வெளிவந்தது. அதனை வெளியிட்டது கலைக்கழகமோ செல்வந்தரின் ஓவியக்கூடமோ அன்று. யேர்மன் அச்சுத் தொழிலாளரின் கல்விச் சங்கமே. அச்சுக்கூடத்தில் நின்று எழுத்துக் கோக்கும் தொழிலாளியின் கையிற் கிடைக்கவேண்டுமென்று எழுதப்பட்ட கைந்நூல் அது. நடுக்கோட்டின் இருபுறமும் சமமாக அலங்கரிக்கப்பட்ட பழைய பக்கத்தை சிக்கோல்ட் நிராகரித்தமைக்குக் காரணம், அவ்வலங்காரம் பொருளின் முக்கியத்துவத்தை மறைத்தது என்பதே. எது முதலில் வாசிக்கப்பட வேண்டும், எது பின்னர் வரவேண்டும் என்பதைப் பொருளே தீர்மானிக்க வேண்டும் என்றார் அவர். ஒழுங்கு அங்கே வாசகனுக்குப் பணிசெய்ய வந்தது.

சோதனையும் அவ்வாறே தோன்றியது. மாயகோவ்ஸ்கியின் கவிதைகளை உரத்து வாசிப்பதற்கென்று 1923இல் வெளியான தொகுதியை எல் லிஸிற்ஸ்கி அமைத்தார். அச்சுக்கூடத்துப் பெட்டிகளிலுள்ள எழுத்துக்களையும் கோடுகளையும் கொண்டே அவர் படங்களை ஆக்கினார். தொலைபேசி எண் குறிக்கும் ஏட்டிலே போல, பக்க ஓரத்தைப் படிப்படியாக வெட்டி ஒவ்வொரு கவிதைக்கும் ஓர் அடையாளம் வைத்தார். மேடையில் நிற்பவன் வேண்டிய கவிதையை ஒரு நொடியில் எடுக்க வேண்டும் என்பதே நோக்கம். கண்ணைக் கவரும் புதுமைக்குப் பின்னால் ஒரு குரலும் அதைக் கேட்கும் கூட்டமும் இருந்தன.

இவ்விரு மரபுகளும் பின்னர் அடைந்த கதி கருதத்தக்கது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத் தொழிற் பாடசாலையில் எமில் ரூடரும், சூரிச் நகரில் யோசெப் முல்லர் புரொக்மானும் கட்டச் சட்டகத்தைச் செம்மையான கல்விமுறையாக்கினர். பக்கத்தின் ஓரம், நிரலின் அகலம், நிரல்களுக்கிடையிலான வெளி, வரிகள் அமரும் அடிக்கோடு ஆகிய யாவும் ஒன்றோடொன்று கணக்கில் இணையும். வெற்றிடத்தையும் எழுத்தைப் போலவே ஒரு பொருளாகக் கருத ரூடரின் மாணவர் கற்றனர். இதன் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் அறியாமையாகும். ஆயினும், அதே சட்டகமும் அதே அலங்காரமற்ற எழுத்தும் சில ஆண்டுகளிலே பன்னாட்டுக் கம்பனிகளின் சீருடையாயின. முல்லர் புரொக்மானே 1967இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஐரோப்பிய வடிவமைப்பு ஆலோசகரானார். அச்சுத் தொழிலாளரின் சங்கத்தில் முழங்கிய கொள்கை, பங்குதாரரின் ஆண்டறிக்கையிற் போய் அமர்ந்தது. கட்டங்கள் மாறவில்லை, அவற்றை ஏவியவர் மாறினர்.

இதனைக் கண்டும் சட்டகம் நடுநிலையானது என்போர் ஹேர்பேட் பாயரின் வரலாற்றைப் படிக்கவேண்டும். பௌஹவுஸ் கலைப் பாடசாலையின் அச்சுப் பட்டறையை நடத்தியவர் அவர். பெயர்ச்சொல் அனைத்தையும் பேரெழுத்தில் தொடங்கும் யேர்மன் மொழிக்குச் சிற்றெழுத்து மட்டுமே போதும் என்று 1925இல் ஓர் எழுத்துருவை வரைந்தவரும் அவரே. பேச்சில் இல்லாத வேறுபாடு எழுத்தில் ஏன் என்ற அவரது கேள்வி மக்கள் சார்பானது. அப்பாடசாலை 1933இல் நாஜிகளின் நெருக்குதலால் மூடப்பட்டது. ஆனால் அதே பாயர் 1936இல் நாஜி யேர்மனியின் பெருமை கூறும் கண்காட்சிக்கு விளம்பர ஏடு அமைத்துக் கொடுத்தார். அவரது பக்கத்தின் நேர்த்தி அப்போதும் குன்றவில்லை. நேர்த்தி மட்டுமே அளவுகோலானால் அந்த ஏட்டுக்கும் முழுப் புள்ளி வழங்கவேண்டிவரும்.

சிக்கோல்டோ 1933இல் நாஜிகளாற் சிறைவைக்கப்பட்டு, விடுதலையானபின் பாசலுக்குச் சென்றார். அங்கே பழைய சமச்சீர் அமைப்புக்குத் திரும்பிய அவரை 1946இல் மக்ஸ் பில் கண்டித்தார். அதற்கு மறுமொழி கூறிய சிக்கோல்ட், புதிய அச்சமைப்பின் விட்டுக்கொடாத கண்டிப்புக்கும் நாஜிகளின் இராணுவ மனப்பாங்குக்கும் உறவுண்டு என்றார். அவர் பட்ட துன்பத்தை மதிக்கிறோம், முடிவை ஏற்பதற்கில்லை. நிரல்களும் கட்டங்களும் தாமாகவே பாசிசமாகிவிடுவதில்லை, தாமாகவே விடுதலையாகிவிடுவதுமில்லை. அவை எவ்வுள்ளடக்கத்தை, எவ்வர்க்கத்தின் பொருட்டுத் தாங்கி நிற்கின்றன என்பதே கேள்வி.

இனிச் சோதனைவாதிகளிடம் வருவோம். இவர்கள் பெரிதும் போற்றும் வொல்ப்காங் வைன்கார்ட் 1968 முதல் பாசலிலே கற்பித்தவர். எழுத்துக்களை அகல விரித்தும், வரிகளைப் படிக்கட்டாக அடுக்கியும், விதிகள் எங்கே முறிகின்றன என்று தேடினார். ஆனால் அவர் ஈயத்தோடு பழகியவர். எழுத்துக்கோக்கும் தொழிலை முறையாகப் பயின்றவர். ஒவ்வொரு விதியும் எத்தேவையிற் பிறந்தது என்று அறிந்தமையால், அதனை மீறும்போது எதனை இழக்கிறோம் என்பதையும் அறிந்திருந்தார். அவரது பக்கங்களின் மேற்றோற்றத்தைப் பிரதி செய்தவர்களோ அவர் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்துக்கொண்டனர். விதியை அறியாதவன் அதனை மீறவும் இயலாது. தடுமாற மட்டுமே இயலும்.

தமிழிலே சோதனைக்கு முன்மாதிரி இல்லையென்றும் கூறமுடியாது. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் சில எழுத்துக்களின் பழைய வடிவங்களைக் கைவிட்டு, ஏனைய எழுத்துக்களின் ஒழுங்கிலேயே அவற்றை அச்சிடலானார். கற்கும் சிறுவனுக்கும் அச்சுக்கோக்கும் தொழிலாளிக்கும் சுமை குறையவேண்டும் என்பது அச்சோதனையின் நியாயம். 1978இல் தமிழ்நாட்டரசு அவ்வடிவங்களுட் பலவற்றை ஏற்றது. ஒரு சிறு பத்திரிகையின் எழுத்துப்பெட்டியிலே தொடங்கிய சோதனை, கோடிக்கணக்கானோர் எழுதும் முறையை மாற்றியது. தன்னிச்சை அதனைச் சாதிக்கவில்லை. சமுதாயத் தேவையை உணர்ந்த துணிவே சாதித்தது.

ஆதலின் ஆசிரியர்கள் செய்யவேண்டியது யாது? இலத்தீன் எழுத்துக்கென்று வகுத்த பயிற்சிகளை அப்படியே தமிழ் மாணாக்கர்மீது சுமத்துவதை நிறுத்தவேண்டும். தமிழுக்குப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் இல்லை. இகரக் குறி மேலே வளைகிறது. உகரக் குறி கீழே இறங்குகிறது. எனவே வரிகளுக்கிடையே வேண்டும் வெளி வேறு. சொற்கள் புணர்ந்து நீள்கின்றன. ஒடுங்கிய நிரலில் இருபுறமும் சமமாக நிறுத்தினாற் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழுகின்றன. நிரலின் அகலம் தமிழ்ச் சொல்லின் நீளத்திலிருந்து பிறக்கட்டும். ஒரு வரியின் கீழ்ப்பாதியை மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்: எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிப்பது அடியிலுள்ள ஒரு சிறு கோடே என்பதை மாணவன் தானே காண்பான். அதன்பின் அவன் செய்யும் எழுத்துச் சோதனை விளையாட்டாக இராது.

இதனிலும் பெரிய பணி ஒன்றுண்டு. 1958 முதல் 1965 வரை வெளிவந்த ‘நொயெ கிராபிக்’ என்ற சஞ்சிகை யேர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மும்மொழிகளையும் ஒரே சட்டகத்தின் நிரல்களிலே அருகருகே நிறுத்தியது. மும்மொழி நாடாகிய இலங்கையில் வாழும் நமக்கு இது வெறும் அழகியற் செய்தியன்று. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையும், தமிழும் அரச மொழியாகும் என்று 1987இல் வந்த பதின்மூன்றாந் திருத்தத்தையும் கண்டவர்கள் நாம். ஆயினும் பெயர்ப்பலகைகளிலும் அறிவித்தல்களிலும் தமிழ் நெருக்குண்டு, சிறுத்து, பிழைபட்டு நிற்பதை இன்றும் காண்கிறோம். சட்டப் புத்தகத்திற் சமமான மொழி பலகையிற் சமமாக இல்லை. சிங்கள எழுத்தும் தமிழெழுத்தும் இலத்தீனும் ஒரே தூரத்திலிருந்து ஒரே தெளிவோடு வாசிக்கப்பட எவ்வளவு உயரமும் வெளியும் வேண்டும் என்று கணிப்பதைவிடச் சிறந்த சட்டகப் பயிற்சி எதுவுண்டு? வைத்தியசாலை அறிவித்தலையும், பஸ் நேர அட்டவணையையும், மருந்துச் சீட்டையும் மாணவர் இவ்வாறு அமைத்துப் பார்க்கட்டும். அவற்றைச் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் எடுத்துச்சென்று, கண்பார்வை குன்றிய முதியவரிடமும் எழுத்துக்கூட்டி வாசிப்பவரிடமும் காட்டட்டும். அவர்கள் தடுமாறும் இடத்திலே ஒழுங்கு திருத்தப்பட வேண்டும். சோதனையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

கணினியே யாவற்றையும் அமைத்துத் தருகின்ற காலத்தில் இப்பயிற்சி எதற்கு என்று வினவுவாருமுளர். கணினி, எவரோ தீர்மானித்த அளவுகளையே நமக்குத் தருகின்றது. அவ்வளவுகள் எம்மொழிக்கு, எவ்வாசகனுக்கு வகுக்கப்பட்டவை என்று கேட்கத் தெரியாதவன் பொத்தானை அழுத்தும் கூலியாகவே இருப்பான். கேட்கத் தெரிந்தவனோ அவற்றை மாற்றுவான். அத்தகைய மாணவரை உருவாக்குவதே அச்செழுத்துக் கல்வியின் பணி. நடுநிலை என்னும் திரைக்குப் பின்னால் நின்று அப்பணியைத் தட்டிக்கழிக்க முற்போக்கு எண்ணங்கொண்ட ஆசிரியர் எவருக்கும் உரிமையில்லை.