அசல் என்றால் எந்த ஊர் அசல்?

போன கிறிஸ்மஸ் லீவுக்கு மஸ்கட்டிலிருந்து வந்த என் சித்தப்பா மகன், கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் நான் வைத்திருக்கும் ரிப்பேர் கடைக்கு ஒரு சின்ன அலுமினியப் பெட்டியோடு வந்தான். கையகலம்தான் இருக்கும். "அண்ணன் இத்தன நாளும் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தந்ததெல்லாம் டூப்பாக்கும். இதுதான் ஒரிஜினல். எமுலேஷனே கெடையாது, கேட்டியளா" என்றான். விலை கேட்டேன். கன்ட்ரோலர், மெமரி பலகை எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்க்கு மேல் ஆகியிருந்தது.

பைசா அவனுடையது, வெயிலில் நின்று சம்பாதித்தது. அதில் எனக்குப் பேச்சில்லை. அந்த 'ஒரிஜினல்' என்ற சொல்தான் தொண்டையில் முள்ளாக நின்றது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அனலாக் என்ற அமெரிக்க நிறுவனம் தன் கருவிகளை 'நோ எமுலேஷன்' என்று சொல்லித்தான் விற்கிறது. யூடியூபில் பழைய வீடியோ கேம் பற்றிப் பேசுகிற பலரும் அதையே திருப்பிச் சொல்கிறார்கள்: மென்பொருள் எமுலேட்டர் போலி, எஃப்பிஜிஏ அசல், ஆகவே வாங்கு. புதிதாக இதற்குள் வருகிற பையன்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். இது உண்மையில்லை. உண்மையில்லாததோடு, நம்மைப் போன்ற ஊர்க்காரர்களை நம் சொந்த நினைவிலிருந்தே வெளியே தள்ளுகிற பேச்சும்கூட.

முதலில் பெட்டிக்குள் இருப்பது என்னவென்று பார்த்துவிடலாம். அவன் வாங்கியது 'மிஸ்டர்' என்று பெயர்பெற்ற அமைப்பு. 2017-ல் அலெக்ஸி மெல்னிகோவ் தொடங்கிய திறந்த மூலத் திட்டம். டெராசிக் நிறுவனத்தின் டிஇ10-நானோ என்ற பயிற்சிப் பலகைதான் அதன் அடிப்படை. கல்லூரி மாணவர்கள் படிப்பதற்காகச் செய்த பலகை அது, கேம் ஆடுவதற்காக அல்ல. (இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் திரும்ப வருவேன்.) அதில் உள்ள சைக்ளோன் 5 சிப்பில் சுமார் 1,10,000 தர்க்க அலகுகள் உண்டு. தனித்தனியாக அவற்றுக்கு ஒரு வேலையும் கிடையாது. எதை எதோடு இணைக்க வேண்டும் என்று ஒரு கோப்பை ஏற்றியதும் அவை ஒரு மின்சுற்றாக ஆகின்றன. காலையில் நின்டெண்டோ, மத்தியானம் அமிகா, ராத்திரி ஆர்கேட் இயந்திரம். சாதாரணக் கணினி ஒவ்வொரு கட்டளையாகச் செய்துகொண்டு போகும். இங்கே செயலியும் படம் வரையும் சிப்பும் ஒரே கடிகாரத் துடிப்பில் அருகருகே ஓடுகின்றன, பழைய இயந்திரத்தில் ஓடியது போலவே. அழகான விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கோப்பை எழுதியது யார்? மனிதன். மிஸ்டரில் உள்ள நின்டெண்டோ வடிவத்தின் மூலம் லுட்விக் ஸ்ட்ரிகியஸ் என்ற ஸ்வீடன்காரர் எழுதியது. ஆமாம், ஒரு காலத்தில் நாம் படம் இறக்கப் பயன்படுத்திய மியூடோரன்ட் இருக்கிறதே, அதை எழுதிய அதே ஆள். பிறகு பலர் கைவைத்துத் திருத்தியிருக்கிறார்கள், இன்றும் திருத்துகிறார்கள். திருத்த வேண்டியிருக்கிறது என்றால் பிழை இருந்தது என்றுதானே அர்த்தம்? ஜப்பானில் 1983-ல் வந்த சிப்பை எடுத்து இதற்குள் ஒட்டவில்லை. அதைப் பற்றித் தெரிந்ததை வெரிலாக் போன்ற வன்பொருள் மொழியில் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அந்தத் தெரிந்த விஷயத்தில் பெரும்பகுதி, மென்பொருள் எமுலேட்டர் எழுதினவர்கள் இருபது வருஷம் சம்பளமில்லாமல் உட்கார்ந்து சோதித்துக் கண்டுபிடித்தது. அவர்கள் சமைத்த சோற்றைத் தின்றுவிட்டு அவர்களையே போலி என்று சொல்வது என்ன நியாயம்? மூலப் பிரதி கையில் இல்லாமல், ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுவதுதான் இரண்டுமே. ஒருவர் பேனாவால் எழுதுகிறார், இன்னொருவர் எழுத்தாணியால் எழுதுகிறார். எழுத்தாணி பழைய கருவி என்பதால் பாடம் சுத்தமாகிவிடாது.

தாமதம் பற்றிய வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவதற்கும் இடையில் எஃப்பிஜிஏ மிகக் குறைவாகவே நேரம் எடுக்கும். பழைய குழாய் டிவியில் நேராக இணைத்தால் வித்தியாசத்தை விரல் அறியும். ஆனால் இவன் அந்தப் பெட்டியை இணைத்திருப்பது அம்பத்தஞ்சு இஞ்ச் எல்இடி டிவியில், கேம் மோடைக்கூட ஆன் பண்ணவில்லை! பெட்டி மிச்சம் பிடித்த மில்லிசெகண்டை எல்லாம் டிவி மொத்தமாக முழுங்கிவிடுகிறது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: 30,000 செலவழிக்கும் முன்னால் ரிமோட்டை எடுத்து அந்த ஒரு அமைப்பை மாற்றிப் பாருங்கள்.

இனி அசலுக்கு வருவோம். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் நின்டெண்டோவைப் பார்த்தவர் யார்? நான் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்தது சாமுராய், மீடியா, டெர்மினேட்டர் என்றெல்லாம் பெயர் போட்ட பெட்டிகள். கல்ஃபிலிருந்து யாராவது கொண்டுவருவார்கள், இல்லையென்றால் திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ வாங்குவார்கள். வாங்க வழியில்லாத எங்களுக்கு ஒரு அண்ணன் வீட்டு முன்னறையில் மணிக்கு அஞ்சு ரூபாய். மஞ்சள் கேசட்டில் '9999 இன் 1' என்று எழுதியிருக்கும், உள்ளே எண்ணினால் ஏழெட்டு ஆட்டம். மரியோ, கான்ட்ரா, வாத்து சுடுவது. கான்ட்ராவில் முப்பது உயிர் கிடைக்கும் வரிசையை ஜெபம் சொல்வது போல மனப்பாடமாக வைத்திருந்தோம்.

அந்தப் பெட்டிகள் தைவான் குளோன்கள். கடைக்கு வந்ததில் இரண்டைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் வெறும் கருப்புக் கோந்துப் பொட்டு. மற்றதில் சிப்புகளின் மேல் எழுத்து தெளிவாக இருந்தது: யுஏ6527பி, யுஏ6538. யுஎம்சி என்ற தைவான் நிறுவனத்தின் சிப்புகள். 'சைனா டூப்பு' என்று இதை எல்லோரும் கை உதறுகிறார்கள். உதறும் முன்னால் அதற்குள் என்ன செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி வினாடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும். நம் தூர்தர்ஷன் பின்பற்றியது ஐரோப்பியப் பால் முறை, 50 முறை. நின்டெண்டோ தானே ஐரோப்பாவுக்குச் செய்த இயந்திரத்தில் செயலியின் வேகத்தையே 1.79 மெகாஹெர்ட்சிலிருந்து 1.66-க்குக் குறைத்தது. படத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் செயலிக்குக் கிடைக்கும் துடிப்புகளின் கணக்கு மாறிப்போனது. ஜப்பான் கேசட்டுகளில் நுணுக்கமாக நேரம் பார்த்து எழுதியவை அதில் உடைந்தன. யுஎம்சிக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். செயலி 1.77-ல் ஓடியது. கோட்டுக்கு 113 சொச்சம் துடிப்பு என்ற ஜப்பான் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 262 கோடுகளுக்குப் பதில் பால் முறைக்கு 312 வேண்டும், 50 கோடு கூடுதல். அந்த 50-ஐ, படம் வரைந்து முடிந்த பிறகு, செயலிக்கு மணி அடிக்கும் முன்னால், சும்மா இருக்கிற இடத்தில் செருகிவிட்டார்கள். மணி அடித்ததிலிருந்து அடுத்த படம் தொடங்கும் வரை உள்ள நேரம் மாறவே இல்லை. கேசட்டுக்குத் தான் ஜப்பானை விட்டு வெளியே வந்ததே தெரியாது. ஐரோப்பாவுக்கென்று கம்பெனியே செய்ததைவிட, ஜப்பான் கேசட்டைத் தைவான் திருடன் நன்றாக ஓட்டினான். இதை எஞ்சினியரிங் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இதனால் காதில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஒலி செயலியின் கடிகாரத்திலிருந்து பிறக்கிறது, ஆகவே சுருதியில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் குறைவு. பாட்டு நகர்வதோ படத்தின் கணக்கில், ஆகவே தாளம் ஆறில் ஐந்து பங்காகிவிட்டது. அதே சுருதி, கொஞ்சம் விளம்பமான காலம். நாங்கள் கேட்டு வளர்ந்த மரியோ அது. சில குளோன்களில் ஒலி அலையின் அகலங்களே இடம்மாறிக் கிடந்ததால் குரலின் நிறமும் வேறு. பல வருஷம் கழித்து யூடியூபில் ஒரு அமெரிக்கர் ஆடுவதைப் பார்த்தபோது, வீடியோவை ஓட்டிவிட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

என் தம்பியின் 'ஒரிஜினல்' பெட்டி இயல்பாக ஓடியது 60-ல். அமெரிக்கனின் குழந்தைப்பருவம். எட்டாம் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய ஒரு பள்ளத்தில் மூன்று முறை விழுந்தான். "கை மறந்துபோச்சு அண்ணா" என்றான். "கை மறக்கல்ல மக்கா, பெட்டிக்கு நம்ம ஊரு தெரியாது" என்று சொல்லி, மெனுவில் இயந்திர வகையை மாற்றிக் கொடுத்தேன். இரண்டாம் முறை தாண்டிவிட்டான். இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன், மூன்று முறை விழுந்த பழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் பாட்டு தொடங்கியதும் தலையைத் தூக்கிப் பார்த்தானே, அது பழக்கத்தால் வந்ததல்ல.

அந்த மெனுவில் நம் இயந்திரத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'டெண்டி'. 1992-ல் ரஷ்யாவில் ஸ்டீப்ளர் என்ற நிறுவனம் அதே வகைக் குளோனை விற்ற பெயர். ரஷ்யர்கள் உட்கார்ந்து அளந்தார்கள், எழுதினார்கள், தங்கள் பெட்டியின் பெயரை உலக எமுலேட்டர்களில் பதித்துவிட்டார்கள். பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் கோடைவிடுமுறையை அதே மாதிரிப் பெட்டியில் கழித்தவர்கள் எத்தனையோ பேர், நமக்கு அங்கே ஒரு வரி கிடையாது. மெசன், எஃப்சியுஎக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களிலோ, டெண்டி காலக்கணக்கு மட்டுமல்ல, அந்த இடம்மாறிய அலை அகலத்துக்குக்கூட ஒரு தெரிவு இருக்கிறது. எங்கள் ஊர்ச் சத்தத்தை எனக்குத் திருப்பித் தந்தது முதலில் இந்தப் 'போலி'தான்.

எங்கள் கடையில் ஒருவர் கேட்டார், "இதெல்லாம் திருட்டு இல்லியா?" என்று. திருட்டுதான், பெரும்பாலும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில்தான் சேர்த்திருக்கிறது. சட்டத்தின் அலமாரியில் கான்ட்ராவும் புதுமைப்பித்தனும் ஒரே தட்டு. ஆனால் அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. விற்கவும் மாட்டேன், வைத்துக்கொள்ளவும் விடமாட்டேன் என்கிறவர்களிடம் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அதற்காக ரோம் கோப்புகளைப் பெட்டியோடு சேர்த்து விற்றுக் காசு பார்ப்பவர்களுக்கு வக்காலத்து வாங்கவும் மாட்டேன்.

அப்படியானால் வன்பொருள் எமுலேஷனே வேண்டாமா? வேண்டும், வேறு காரணத்துக்காக. அந்தப் பலகை மாணவர்களுக்காகச் செய்தது என்று சொன்னேனே.

நான் இசிஇ படித்தவன். இந்த மாவட்டத்தில் எஞ்சினியரிங் கல்லூரிக்குப் பஞ்சமில்லை, அதில் ஒன்று. லேபில் ஸ்பார்ட்டன்-3 கிட்டுகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருக்கும். வெளித்தேர்வாளர் வரும் நாளில் சாவி வரும். அரைக்கூட்டி, டிராஃபிக் லைட், அலைவடிவத்தை அச்சடித்து ரெக்கார்டில் ஒட்டு, கையெழுத்து, முடிந்தது. கருங்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு டிராஃபிக் லைட்டும் இல்லாத காலத்தில் நாங்கள் நான்கு வருஷம் அதையே எழுதினோம். இப்போது படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் பரீட்சை இன்னும் அதேதான் என்கிறார்கள். படித்து முடித்து மஸ்கட்டில் கேபிள் இழுக்கப் போனவன், தான் படித்த பாடமே அந்த அலுமினியப் பெட்டிக்குள் இருக்கிறது என்று அறியாமல் 30,000 கொடுத்து வாங்கி வருகிறான். என் கோபம் இங்கேதான்.

தொடங்க நினைக்கிறவர் எதையும் வாங்க வேண்டாம். ஐகாரஸ் வெரிலாக், வெரிலேட்டர் இரண்டும் இலவசம், பழைய மடிக்கணினியே போதும். 1972-ன் பாங்கை எழுதுங்கள். அதில் செயலியே கிடையாது, நிரலும் கிடையாது, வெறும் எண்ணிகளும் ஒப்பீடுகளும் கொண்ட சுற்று. ரோம் என்ற பேச்சே இல்லாததால் பதிப்புரிமைத் தகராறும் இல்லை. அடுத்து சிப்-8, மொத்தம் முப்பத்தைந்து கட்டளைகள், 64-க்கு 32 புள்ளித் திரை. அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லையென்றால் டாங் நானோ 20கே போல சில ஆயிரம் ரூபாய்ப் பலகை ஒன்று. ஸ்ட்ரிகியஸின் நின்டெண்டோ வடிவத்தை அதில் ஓடவைத்திருக்கிறார்கள், மூலமும் திறந்தே கிடக்கிறது. அதைத் திறந்து டெண்டி கணக்கு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மிஸ்டர் வாங்குவது இதற்கெல்லாம் பிறகு.

தம்பி லீவு முடிந்து போகும்போது பெட்டியை அவனுக்க அக்கா மகளிடம் விட்டுவிட்டுப் போனான். இரண்டாம் வருஷம் இசிஇ. அவள் அதில் மரியோ ஆடவில்லை, அவளுக்கு மரியோ யாரென்றே பெரிதாகத் தெரியாது. பாங்கை எழுதி ஏற்றியிருக்கிறாள். பந்து மேல்சுவரில் பட்டால் திரும்புகிறது, கீழ்ச்சுவரில் பட்டால் மறைந்துவிடுகிறது. ஒப்பிடுகிற இடத்தில் எங்கோ ஒரு எண் தவறு. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்த பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.