மாடியில் நடக்கும் நேர்காணல்

ஆசிரியருக்கு,

தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்கள் பற்றிய தங்கள் கட்டுரை காலத்துக்கு ஏற்றது. ஆனால் அவை மிகவும் தேவைப்படுவோருக்கே எட்டாமல் போவதையும் சொல்லியிருக்கலாம். ஊன்றுகோலுடன் நடக்கும் என் மகளை அண்மையில் ஒரு முகாமுக்கு அழைத்துச் சென்றேன். நேர்காணல் இரண்டாம் மாடியில்; சாய்தளமும் இல்லை, லிஃப்டும் இல்லை. அவளைக் கீழே உட்காரவைத்து, பயோடேட்டாவை மட்டும் நான் கொடுத்துவிட்டு வந்தேன். சுயதொழில் கடன் பற்றிக் கேட்கவும் ஆளில்லை. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 35 சதவீத மூலதன மானியம் உண்டு என்பது அங்கு வந்த எத்தனை பேருக்குத் தெரியும்?

முகாம் நடத்துவோரே, இனி முகாம்களைத் தரைத்தளத்தில் நடத்துங்கள். கடன், மானியம் பற்றிச் சொல்ல மாவட்டத் தொழில் மையத்துக்கும் வங்கிக்கும் தலா ஒரு மேசை போடுங்கள்.

- ஒரு வாசகி, சேலம்