சாவி யார் கையில்?



கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கும் என் பழைய பிள்ளைகள் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும். படித்தீர்களா என்று பிறகு கேள்வி கேட்பேன். பழைய பழக்கம் எங்கே போகும்!

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். என் பெரியம்மா மகள். வயது 76. தனியாக இருக்கிறார். ஓர் இணையதளத்தில் அவருடைய முகவரியையும் போன் நம்பரையும் மாற்ற வேண்டியிருந்தது. எந்த அலுவலகத்தின் தளம் என்பது இங்கே முக்கியமில்லை. "நீ வாத்தியாரம்மாதானே, நீயே வந்து பண்ணிக் குடு" என்றார். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். போனேன்.

முதல் பக்கத்திலேயே எழுத்து தெரியவில்லை. வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில் இருந்தது. கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தோம்.

அடுத்து பெயர். 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டங்கள். அக்காவுக்குப் பெயர் ஒன்றுதான். முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து. கடைசிப் பெயர் கட்டத்தில் அந்த ஓரெழுத்தைப் போட்டேன். 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் வந்தது. வெறுமையாக விட்டேன். 'கட்டாயம் நிரப்ப வேண்டும்' என்றது. அப்பா பெயரை முழுதாகப் போட்டேன். ஏற்றுக்கொண்டது. ஆனால் கடைசியில் 'ஆதார் விவரத்தோடு பொருந்தவில்லை' என்றது.

பிறகு ஊர். நம் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். 'புத்தூர்' என்பதற்கு இரண்டு 'டி' போடுபவர்கள் உண்டு, 'டிஎச்' போடுபவர்கள் உண்டு, ஆரம்பத்தில் 'ஸ்ரீ'க்குப் பதிலாக 'திரு' போடுபவர்களும் உண்டு. அந்தப் பட்டியலில் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று தேடித் தேடிக் கண்டுபிடித்தேன். அதற்குள் மேலே ஒரு வரி: 'உங்கள் நேரம் முடிந்துவிட்டது. மீண்டும் உள்நுழையவும்.' நிரப்பியது எல்லாம் போயிற்று.

மூன்று முறை முயன்றோம். 33 வருடம் பாடம் நடத்தியவள் நான். அக்கா என்னைப் பார்த்து, "விடு, நமக்கெல்லாம் மூளை அவ்வளவுதான்" என்றார். எனக்கு அதுதான் மிகவும் வலித்தது. தளம் தப்பாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தப்பு தன்னுடையது என்றே நினைத்தார்.

கடைசியில் தெருமுனையில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். அங்கே இருந்த பையன் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டான். "பாட்டி, ஓடிபி வந்திருக்கா?" என்றான். அக்கா போனையே அவனிடம் நீட்டினார். பாஸ்வேர்டு கேட்கவில்லை. மேஜையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துப் பார்த்து அடித்தான். அக்காவின் பாஸ்வேர்டு மட்டுமல்ல, அந்தத் தெருவில் இருக்கும் பெரியவர்கள் பலரின் பாஸ்வேர்டும் அந்த நோட்டில் வரிசையாக இருக்கிறது. சிலருக்கு வங்கி விவரமும் சேர்த்து. "மறந்துடுறாங்க டீச்சர், அதான் எழுதி வச்சிருக்கேன்" என்றான்.

அந்தப் பையன் நல்லவன். முப்பது ரூபாய்தான் வாங்கினான், தண்ணீர் கொடுத்தான், அக்காவைக் கைபிடித்துப் படி இறக்கிவிட்டான். ஆனால் ஒரு தெருவே தன் பணத்தையும் அடையாளத்தையும் ஒரு பையனின் நல்ல குணத்தை நம்பி ஒப்படைத்துவிட்டு இருக்கலாமா? நாளைக்கு அந்த நோட்டு தொலைந்தால்? கடையை வேறொருவர் எடுத்து நடத்தினால்?

இதைப் பற்றி என் பழைய மாணவன் ஒருவனிடம் போனில் பேசினேன். பெங்களூரில் இருக்கிறான். "பாதுகாப்புக்காகத்தான் டீச்சர் அதெல்லாம். நேரம் முடிவது, கேப்சா, ஓடிபி எல்லாம் திருடனைத் தடுக்கத்தான்" என்றான். அவன் சொன்னது உண்மைதான். பூட்டு வேண்டும். ஆனால் வீட்டுக்காரராலேயே திறக்க முடியாத பூட்டைப் போட்டால் என்ன ஆகும்? அவர் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பார். பூட்டு எவ்வளவு உறுதி என்பதற்கு அப்புறம் அர்த்தமே இல்லை. பயன்படுத்தச் சிரமமான தளம் பாதுகாப்பான தளம் ஆகாது. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது: "பெரியவர்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும்." கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நானும் ஐம்பது வயதுக்கு மேல்தான் மவுஸைப் பிடித்தேன். ஆனால் ஓர் ஆசிரியையாகச் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாக எழுதினால் அந்தப் பிள்ளை படிக்கவில்லை. நாற்பது பிள்ளைகளும் அதே கேள்விக்குத் தப்பாக எழுதினால், கேள்வித்தாளில்தான் கோளாறு. அப்படி நடந்தபோது நாங்கள் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டோம், பிள்ளைகளைத் திட்டவில்லை. ஒரு தெருவே ஒரு படிவத்தில் தோற்றால் அது தெருவின் குறையா?

நம் நாட்டுக்கு இது தெரியாத வித்தை இல்லை. 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் பொதுத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "முதலில் படித்துவிட்டு வாருங்கள், பிறகு ஓட்டுப் போடலாம்" என்று சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையம் சொல்லவில்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின் மேல் அவருடைய சின்னம். வாக்குச்சீட்டை வேண்டிய பெட்டியில் போட்டால் போதும். பேனா பிடிக்க வேண்டாம், பெயர் படிக்க வேண்டாம்.

அந்தத் தேர்தலில் நம் பகுதியில் என்ன நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அப்போது சென்னை மாகாண முதலமைச்சர் நம் ராஜபாளையத்துக்காரர், பி.எஸ். குமாரசாமி ராஜா. தன் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்த பெருந்தகை. அவரே ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோற்றுப்போனார். அவர் தோற்றது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிமாரும், யாரையும் துணைக்கு அழைக்காமல், யாரிடமும் சாவியைக் கொடுக்காமல், தாம் நினைத்ததை நினைத்தபடி செய்து, பதவியில் இருந்த ஒரு முதலமைச்சரையே மாற்ற முடிந்தது. அதுதான் நல்ல வடிவமைப்பு. எழுபது வருடம் கழித்து, கையில் ஸ்மார்ட்போன் இருந்தும், பள்ளியில் படித்த என் அக்காவுக்குத் தன் முகவரியை மாற்ற இன்னொருவர் வேண்டியிருக்கிறது.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைத் தளத்துக்கும் ஒரு தனி எழுத்துருவை இறக்க வேண்டியிருந்தது ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். யூனிகோடு பரவிய பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. அதனால்தான் இந்தப் பதிவை நீங்கள் சிரமமில்லாமல் படிக்கிறீர்கள்.

ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றிதழும் அப்படித்தான். 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' வந்தது. நேரில் போய் நிற்க வேண்டாம், கைரேகை வைத்தால் போதும் என்றார்கள். ஆனால் வயதானால் ரேகை தேய்ந்துவிடும். கையால் உழைத்தவர்களுக்குச் சீக்கிரமே தேயும். மில்லிலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் தறியிலும் காலமெல்லாம் நூலைப் பிடித்த விரல்களை நினைத்துப் பாருங்கள். இயந்திரம் ஏற்கவில்லை என்றால் அது அந்த விரலின் குற்றமா? 2021 நவம்பரில் முகத்தைக் காட்டிச் சான்று பெறும் வசதியைச் சேர்த்தார்கள். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி இருக்க வேண்டும். அந்தப் புத்தியைப் பாராட்டுகிறேன்.

ஆனால் முகத்தைக் காட்டுவதும் எல்லோருக்கும் ஒத்து வராது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணால், வங்கிக் கணக்கு தொடங்க 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று திரை கேட்டபோது சிமிட்ட முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. இணையச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. அடையாளச் சரிபார்ப்பை எல்லோருக்கும் ஏற்றபடி மாற்ற 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. ஆக, இது யாரோ மனமிரங்கிச் செய்யும் உபகாரம் இல்லை, உரிமை.

விதிகளும் இல்லாமல் இல்லை. அரசு இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்ற வழிகாட்டு நெறிமுறைகள் 2009இலேயே வந்துவிட்டன. 2018இல் திருத்தினார்கள், 2023இல் மூன்றாம் பதிப்பு வந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று உலக அளவிலான நெறிமுறையே இருக்கிறது. நேரம் முடியும் முன் எச்சரித்து, இன்னும் நேரம் கேட்க வழி தர வேண்டும் என்பதும் அதில் உண்டு. எழுதி வைத்தது அப்படியே இருக்கிறது. என் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

"எளிமையாகச் செய்தால் பார்க்க நன்றாக இருக்காது டீச்சர்" என்று சொல்லாதீர்கள். பிரிட்டன் அரசு தன் துறைகளின் தளங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க 2012இல் ஒரு தளம் தொடங்கியது. ஓடும் படமோ மின்னும் விளம்பரமோ கிடையாது. பெரிய எழுத்து, தெளிவான வாக்கியம், ஒரு பக்கத்தில் ஒரு வேலை. 2013இல் லண்டன் டிசைன் மியூசியத்தின் அந்த ஆண்டுக்கான சிறந்த வடிவமைப்பு விருது அதற்குத்தான் கிடைத்தது.

ஆகவே, தளங்களும் செயலிகளும் செய்யும் என் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தருகிறேன்.

1. வேலையை முடித்ததும் ஐந்து பேரை உட்கார வைத்துப் பாருங்கள். ஜேக்கப் நீல்சன் என்ற நிபுணர் பல வருடங்களாகச் சொல்லிவருவது இது: ஐந்து பேர் பயன்படுத்துவதைக் கவனித்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும். அந்த ஐந்தில் ஒருவர் உங்கள் பாட்டியாக இருக்கட்டும். முக்கியமாக, பார்க்கும்போது வாயைத் திறக்காதீர்கள். "அங்க அமுக்குங்க பாட்டி" என்று நீங்கள் சொன்னால், அந்தப் பட்டன் தப்பான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

2. பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள். தமிழருக்குக் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ராஜபாளையம் மில்லை 1936இல் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜா இன்று வந்து படிவம் நிரப்பினால் மூன்று தலைப்பெழுத்துகளை எந்தக் கட்டத்தில் போடுவார்?

3. ஊர்ப் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் அடித்தாலும் கண்டுபிடிக்கட்டும். இல்லையென்றால் பின்கோடு கேளுங்கள். எங்கள் தலைமுறைக்கு அது மனப்பாடம்.

4. தப்பு என்றால் என்ன தப்பு, எப்படித் திருத்துவது என்று தமிழில் சொல்லுங்கள். பக்கம் முழுக்கத் தமிழில் இருந்துவிட்டு, தப்பை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வது என்ன நியாயம்? தமிழையும் மனிதர் யாராவது ஒருமுறை படித்துப் பாருங்கள். 'பின்செல்' என்று இருக்க வேண்டிய பட்டனில் 'முதுகு' என்று எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

5. நிரப்பியதை அழிக்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடர வழி வையுங்கள்.

6. மாதாமாதம் பட்டனை இடம் மாற்றாதீர்கள். அஞ்சறைப் பெட்டியில் கடுகு இருந்த கிண்ணத்தில் வெந்தயத்தைப் போட்டு வைத்தால் அடுப்படியில் நிற்பவருக்கு எப்படி இருக்கும்?

"இதெல்லாம் எங்கள் கையில் இல்லை டீச்சர், மேலே சொல்வதைத்தான் செய்கிறோம்" என்று நீங்கள் சொல்வீர்கள். தெரியும். கூட்டத்தில் ஒருமுறை கையைத் தூக்கி, "இதை ஒரு வயதானவர் பயன்படுத்திப் பார்த்தாரா?" என்று கேளுங்கள். வகுப்பில் கேள்வி கேட்கப் பயப்படக் கூடாது என்று சொல்லித்தானே உங்களை வளர்த்தேன்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், எண்ணை நீங்களே அடியுங்கள். மெதுவாக அடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாலும் பாஸ்வேர்டை எழுதிக் கொடுக்காதீர்கள். வீட்டில் உள்ள இளசுகளே, ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். போனை வாங்கி நீங்கள் செய்து முடிக்காமல், அவர்கள் கையாலேயே செய்ய விடுங்கள்.

அன்று மாலை திரும்பிப் போய் அந்த நோட்டிலிருந்து அக்காவின் பக்கத்தைக் கிழித்து வாங்கிக்கொண்டேன். பையன் கோபப்படவில்லை, சிரித்தான். பாஸ்வேர்டை மாற்றினோம். புதியதை அக்காவே யோசித்து வைத்தார். என்னவென்று நான் கேட்கவில்லை.

உங்களில் யாராவது தளம் செய்து முடித்து, பயன்படுத்திப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் எழுதுங்கள். எங்கள் தெருவிலும் பெரியக்கா தெருவிலும் சேர்த்து பத்துப் பெரியவர்கள் தயார். கூலி ஒன்றும் வேண்டாம், வரும்போது அரை கிலோ பால்கோவா போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்